பங்குனி ஆமையும் சித்திரைத் தடையும்

ஐப்பசி மழையோடு கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருகின்றன. மீன்பாட்டை நம்பி வெளியூர் மீனவர்களும் வந்து கொட்டகை போடுகிறார்கள். தை பிறந்தால் முட்டையிட ஆமை கரையேறும். பங்குனி ஆமை என்பது அதற்குக் கடற்கரை வைத்த பெயர். பெயரிலேயே மாதம் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15இல், பங்குனி முடிந்து சித்திரை பிறந்த பிறகுதான் தொடங்குகிறது. மீன் பெருக வகுத்த கணக்கு அது; ஆமைக்கு உதவாது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி, விசைப்படகு நீண்ட நேரம் இழுக்கும் மடிவலையில் சிக்கினால் மூழ்கியே சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமை தப்பும் திறப்பை மடியில் வைக்கலாம். அதன் வழியே இறாலும் போய்விடும் என்று படகுக்காரர்கள் முனகுகிறார்கள். டீசல் விற்கிற விலையில் அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். அந்த நட்டத்தை அரசு ஈடுகட்டட்டும். கரையோரக் கடலில் விசைப்படகு மடி இழுக்கக்கூடாதென்று 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி விதி இருக்கிறதே, அதைத் தை முதல் பங்குனி வரையாவது கண்டிப்போடு நடத்தட்டும்.