சுவரில் படம் விழ வேண்டும்: கணினி–புரொஜெக்டர் இணைப்புக்கான கோரிக்கைச் சாசனம்

அரசுப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள், கணினி ஆய்வக உதவியாளர்கள், கிராம சபையிலும் விவசாயிகள் பயிற்சியிலும் படம் போட்டு விளக்குகிறவர்கள், நூலகக் கூட்டம் நடத்துகிறவர்கள், மைக் செட்டோடு புரொஜெக்டரும் வாடகைக்கு விடுகிறவர்கள் ஆகிய நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். புதிதாகப் புரொஜெக்டர் வாங்கித் தாருங்கள் என்று கேட்கவில்லை. வாங்கியதில் படம் விழச் செய்யுங்கள் என்கிறோம்.

நிலைமை

வகுப்பறைக் கூரையில் புரொஜெக்டர் தொங்குகிறது. மேசையில் லேப்டாப் இருக்கிறது. நடுவில் போக வேண்டிய கேபிள் யார் பொறுப்பு என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. புரொஜெக்டர் ஒரு டெண்டரில் வந்தது, கணினி வேறொரு திட்டத்தில் வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று யாரும் பார்க்கவில்லை. மோட்டாரும் தொட்டியும் வாங்கிவிட்டுக் குழாயை மறந்த கதைதான் இது. பாடவேளையில் பாதி, 'நோ சிக்னல்' என்ற எழுத்தைப் பார்த்தபடியே கழிகிறது. ஒருமுறை மாணவர் முன்னால் தடுமாறிய ஆசிரியருக்கு மறுபடி அதைத் தொட மனம் வருவதில்லை. தொடாத கருவி தூசி படிந்து பழுதாகிறது. ஆய்வுக்கு வருகிறவர் 'ஆசிரியர்கள் பயன்படுத்துவதில்லை' என்று எழுதிவிட்டுப் போகிறார்.

சிக்கல் ஆசிரியரின் கையில் இல்லை. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ இணைப்பில் 15 ஊசிகள். அது படத்தை மட்டும் கொண்டுபோகும், ஒலியைக் கொண்டுபோகாது. 2002 இறுதியில் வெளியான எச்டிஎம்ஐ, 19 ஊசிகளில் இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறது. 2014இல் யுஎஸ்பி டைப்-சி வந்தது. இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் 2015க்குள் விஜிஏவைக் கைவிடப்போவதாக 2010 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன. புது லேப்டாப்புகளில் விஜிஏவின் நீல வாய் அநேகமாக மறைந்துவிட்டது. சுவருக்குள் பூசி மூடிய பழைய கேபிளுக்கு மட்டும் அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் நிலைப்பாடு

இருப்புப் பதிவேட்டில் எழுதும் முறை மாற வேண்டும். பெட்டி வந்து இறங்கியதும் 'புரொஜெக்டர் 1' என்று எழுதுவது போதாது. படம் தெரிந்து, ஒலி கேட்ட பிறகே அது கணக்கில் சேர வேண்டும். கீழே உள்ள கோரிக்கைகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கொள்முதல் செய்யும் அலுவலகங்களிடம்

1. புரொஜெக்டர், கேபிள், அடாப்டர், ஸ்பீக்கர், மின் இணைப்பு, பொருத்தும் கூலி எல்லாம் ஒரே டெண்டரில் ஒரே தொகுப்பாக வர வேண்டும். கேபிளின் நீளத்தை அந்தந்த அறையில் டேப் வைத்து அளந்து எழுத வேண்டும். மேசையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் போதாது. கூரையில் ஓடி, சுவர் வழியே இறங்கி, மேசை வரை வரும் தூரமே கணக்கு.

2. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10, 15 மீட்டர் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் வரவே வராது. பெரிய அரங்குகளுக்கு ஒளியிழைக் கேபிளுக்கான செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கேபிளைச் சுவருக்குள் வைத்துப் பூசக் கூடாது. எச்டிஎம்ஐ தலை நுழையும் அளவுள்ள பிவிசி குழாய்க்குள் விட வேண்டும். நாளை வேறு கேபிள் இழுக்க அதற்குள் ஒரு கம்பியும் கிடக்க வேண்டும்.

3. விற்பவர் தான் கொண்டுவந்த லேப்டாப்பில் படம் காட்டுவதைச் சோதனையாக ஏற்கக் கூடாது. அந்த அறையில், அங்கிருக்கும் கணினியை, அங்கு பாடம் நடத்துகிறவர் தம் கையால் இணைத்துப் பார்க்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகக் கூடாது.

உற்பத்தியாளர், விற்பனையாளரிடம்

4. டைப்-சி வாய்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. சில சார்ஜ் மட்டும் ஏற்றும், சில கோப்புகளையும் கடத்தும், சிலவே படத்தை அனுப்பும். எது எது என்பதை வாயின் அருகிலும் பெட்டியின் மேலும் தெளிவாக அச்சிட வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் அது தமிழிலும் இருக்க வேண்டும்.

5. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் எதிர்த்திசையில் வேலை செய்யாது. கடையில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே பெயரில் கிடைக்கின்றன. எந்தப் பக்கம் கணினி, எந்தப் பக்கம் புரொஜெக்டர் என்று அம்புக்குறி போட வேண்டும். விஜிஏ ஒலியை எடுத்துச் செல்லாததால், இத்தகைய அடாப்டரில் ஸ்பீக்கருக்கென்று தனி வாய் கட்டாயம் வேண்டும்.

6. 'நோ சிக்னல்' என்று மட்டும் சொல்லி நிற்கக் கூடாது. புரொஜெக்டர் இப்போது எந்த வாயைப் பார்க்கிறது, கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று திரையிலேயே தமிழில் காட்ட வேண்டும். பதிப்புரிமைக் காவலான எச்டிசிபி தடுக்கும்போதும் கறுப்புத் திரைக்குப் பதிலாகக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

7. 'ஒயர்லெஸ் இருக்கிறதே' என்று கேபிளை ஒழிக்கக் கூடாது. எல்லா லேப்டாப்பும் எல்லா ஒயர்லெஸ் முறைக்கும் ஒத்துவருவதில்லை. ஒயர்லெஸ் கூடுதல் வசதியாக இருக்கட்டும்.

அரசிடம்

8. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டத்தின்படி 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் செல்போன்களுக்கு டைப்-சி சார்ஜிங் கட்டாயமானது. லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 கெடு. சார்ஜ் ஏற்றுவதற்கு ஒரே வாய் என்று சட்டம் போட முடியுமென்றால், அரசுப் பணத்தில் வாங்கும் கணினியும் புரொஜெக்டரும் இடைப்பொருள் இல்லாமல் பொருந்த வேண்டும் என்று ஓர் ஆணை போடுவது கடினமல்ல. இரண்டிலும் எச்டிஎம்ஐ வாய் கட்டாயம் என்பதே எங்கள் குறைந்தபட்சக் கோரிக்கை.

9. இணைப்பு கிடைத்தும் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக விழும் அவலம் தீர வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் செய்த ஸ்லைடுகள் இன்னும் சுற்றுகின்றன. பயிற்சிகளுக்கு அனுப்பும் எல்லாக் கோப்புகளும் யூனிகோடிலேயே இருக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரி, அரங்க நிர்வாகத்திடம்

10. மேசையருகே ஓர் அட்டை ஒட்டுங்கள். முதலில் கேபிள். அடுத்து ரிமோட்டில் சோர்ஸ். பிறகு கணினியில் விண்டோஸ் பொத்தானோடு 'பி' எழுத்து: திரையில் வரும் நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். படம் வந்தும் ஒலி வராவிட்டால், ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும்.

11. அடாப்டர், ரிமோட், அதற்கான செல் ஆகியவை அறையிலேயே இருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி, சாவி விடுப்பில் போகும் வழக்கம் ஒழிய வேண்டும். கேபிள் தேயும் பொருள். அது பழுதானால் ஆசிரியரிடம் பணம் கேட்கக் கூடாது.

12. விளக்குள்ள புரொஜெக்டரில் காற்றாடி ஓடி முடியும் முன் மெயினை அணைத்தால் விளக்கின் ஆயுள் குறையும். மாற்று விளக்குக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். பெரும்பாலான பழைய விளக்குகளில் பாதரசம் இருப்பதால் அவற்றைக் குப்பையில் போடாமல் மின்கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் பொறுப்பு

கேட்பதோடு நாங்கள் நிற்கவில்லை. கூட்டம் தொடங்கும் முன்பே வந்து இணைத்துப் பார்ப்போம். ஸ்லைடுகளை எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவும் பென்டிரைவில் வைத்திருப்போம். சொந்த வாட்ஸ்அப் செய்தி ஊர் முன்னால் விழாதபடி அறிவிப்புகளை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருகுவோம். கற்றுக்கொண்டதை அடுத்த அறை ஆசிரியருக்கும் சொல்லித் தருவோம்.

நிறைவேற்றும் முறை

ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒவ்வொரு அறையிலும் இணைப்புச் சோதனை நடத்தி, 'படம் விழுகிறது', 'விழவில்லை', 'காரணம்' என்ற மூன்று பத்திகளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். விழாத அறைக்கு 30 நாளில் தீர்வு வேண்டும். பட்டியல் ஒட்டாத இடங்களில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அதையே கேட்டு மனுப் போடுவோம். வந்த பதிலைப் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டுவோம். அந்த அறையில் படம் விழும் வரை, அதே வகுப்புக்கு இன்னொரு புரொஜெக்டர் வாங்கும் எந்தத் தீர்மானத்திலும் கையெழுத்திட மாட்டோம்.