கடல் கடக்க யாரால் முடிகிறது?

எங்கள் சேரியில் செவிலியர் படிப்பு முடித்த முதல் பெண் என் அக்கா. ஜெர்மனி போக முயன்றபோது முகவர் மூன்று லட்சம் கேட்டார். விதிப்படி 30,000 ரூபாயும் வரியும்தான் சேவைக் கட்டணம். அதைத் தட்டிக்கேட்டாலும் அடுத்த தடை மொழி. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெற, பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தேவை. அதற்குப் பல மாதங்கள் சம்பளமின்றிப் படிக்க வேண்டும். நிலமுள்ளவர் அடகு வைத்துப் படிப்பார். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர் எதை வைப்பார்? அக்கா பழைய இரவுப்பணிக்கே திரும்பினார்.

மலமும் சீழும் துடைப்பதைத் தீட்டு என்ற வீடுகளிலிருந்தும் இன்று யூரோவுக்காக இதே வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும். அந்த வரிசையில் எங்களுக்கும் இடம் வேண்டும். இலவச மொழி வகுப்பு மட்டும் போதாது; படிக்கும் மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய, ஊதியத்துக்கு ஈடான உதவித்தொகையை அரசு தர வேண்டும். அது சலுகையல்ல, உரிமை.