அனுமதி கேட்டவருக்கே அலைச்சல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் பயறும் மிளகாயும் மழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை கொல்லைப்புறத்தில் கட்டியிருக்கும் நான்கைந்து ஆடுகள். நெசவுத் தொழில் ஊறிய அருப்புக்கோட்டை நகருக்குள் என்றால் ஒரு தறி. இந்த மண்ணில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை என்பது ஆடம்பரம் அன்று. அது குடும்பத்தின் இன்னொரு வருமானம்.

அப்படியொரு கொட்டகையை நகராட்சி எல்லைக்குள் முறைப்படி அனுமதி பெற்றே கட்ட ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி அகலம், பதினைந்தடி நீளம். இடுப்பளவு சுவர், இரும்புக் குழாய்க் கால்கள், மேலே தகரம். கொத்தனார் ஒரு வாரத்தில் வேலையை முடித்துவிடுவார். காகிதங்கள் அவ்வளவு விரைவில் முடிவதில்லை. பத்திரம், பட்டா, வரைபடம், வரி ரசீது என ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். பிறகு இடத்தைப் பார்வையிட அலுவலர் வர வேண்டும். அவர் வரும் நாள் தெரியாததால் கூலியை இழந்து வீட்டில் காத்திருக்க வேண்டும். வந்தவர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவார். அதைச் சரிசெய்த பின், அடுத்த வருகையில் வேறொரு குறை புலப்படும்.

அடுத்த தெருவில் வேறொருவர் யாரையும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகையைப் போட்டு முடித்திருப்பார். அவரை எவரும் ஆய்வு செய்வதில்லை. ஏனெனில் அவர் எந்தக் கோப்பிலும் இல்லை. நமது கட்டட அனுமதி முறையின் அடிப்படைக் கோளாறு இதுதான். ஆய்வு ஆபத்தைத் தேடிச் செல்வதில்லை. விண்ணப்பித்தவரைத் தேடி வருகிறது. சட்டத்தை மதிப்பவர் அதற்கான விலையைக் கொடுக்கிறார்; மதிக்காதவர் நிம்மதியாக இருக்கிறார்.

கொட்டகைக்கு அனுமதி என்பது புதிய கெடுபிடி அன்று. நூறாண்டுகளுக்கு முன் இயற்றப்பட்ட 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே 'கட்டடம்' என்ற சொல்லுக்குள் வீடு, தொழுவம், கழிப்பறை, கொட்டகை, குடிசை அனைத்தையும் அடக்கியிருந்தது. ஆனால், அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. அனுமதி தருவதிலோ மறுப்பதிலோ அலுவலர் காலம் கடத்தினால் விண்ணப்பதாரர் நகர்மன்றத்துக்கு எழுத்துமூலம் முறையிடலாம். மன்றமும் ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கருதப்படும். விதிகளை மீறாமல் அவர் வேலையைத் தொடங்கலாம். குடிமகனின் காலத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை அன்னியர் ஆட்சியில் எழுதப்பட்ட ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அந்தச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது.

அண்மைக் காலத்தில் அரசு சும்மா இருந்துவிடவில்லை. பல சட்டங்களின்கீழ் சிதறிக் கிடந்த விதிகளை ஒன்றாக்கி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வெளியிடப்பட்டன. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர் இணையவழியில் தாமே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறலாம். கட்டுமானத்துக்கு முந்தைய கள ஆய்வும் பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. குடிமக்களின் சொல்லை முதலில் நம்புவோம் என்ற இந்த மாற்றம் மனமாரப் பாராட்டத்தக்கது.

எனினும், அத்திட்டத்தின் முகம் தெளிவான பட்டாவும் அங்கீகரிக்கப்பட்ட மனையும் கொண்டு புதிதாக வீடு கட்டுவோரை நோக்கியே இருக்கிறது. தாத்தா காலத்து வீட்டின் பின்னால் கொட்டகை சேர்ப்பவரின் நிலை வேறு. அவருடைய வீடு கிராம நத்தத்தில் இருக்கலாம். பட்டா இன்னும் அண்ணன் தம்பியர் பெயரில் கூட்டாக இருக்கலாம். வீட்டுக்கே ஒப்புதல் பெற்ற வரைபடம் இல்லாதிருக்கலாம். மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன் வாங்கி இன்னும் வரன்முறைப்படுத்தப்படாத மனைப்பிரிவில் இருக்கலாம். அப்போது தகரக் கொட்டகைக்கான விண்ணப்பம் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சொத்து வரலாற்றையே கிளறும் வழக்காக மாறிவிடுகிறது. 3,500 சதுர அடி வீட்டுக்கு உடனடி அனுமதி. 150 சதுர அடிக் கொட்டகைக்கு முடிவில்லாத அலைச்சல் என்பது முறையாகுமா?

நகராட்சி எல்லையைக் கடந்து திருச்சுழிப் பக்கம் சென்றால் முரண்பாடு இன்னும் கூடுகிறது. 2011-இல் தொடங்கிய விலையில்லா வெள்ளாடு, செம்மறியாடு வழங்கும் திட்டத்தில் பயனாளிக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகளை அரசே வழங்கியது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் தனிநபர்களுக்கு ஆட்டுக் கொட்டகையும் மாட்டுக் கொட்டகையும் அரசுப் பணத்திலேயே கட்டித் தரப்பட்டன. ஊராட்சியில் வறுமை ஒழிப்பாக இருக்கும் கொட்டகை, சில கிலோமீட்டர் தள்ளி நகராட்சிக்குள் வந்ததும் விதிமீறல் ஆகிவிடுகிறது. ஊராட்சிகளிலும் நிலைமை எளிதன்று. விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. தெருவில் நிறுத்திக் கேட்கக்கூடிய ஊராட்சித் தலைவரின் இடத்தில், பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அலுவலர் வந்தார்.

அப்படியானால் ஆய்வே வேண்டாம் என்பதா? நிச்சயமாக இல்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். கட்டட விதிகளின் பின்னால் இத்தகைய மரணங்கள் நிற்கின்றன. அவற்றை வெறும் அதிகாரிகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், மௌலிவாக்கம் கட்டடம் அனுமதி பெற்றே கட்டப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கோப்பில் இருக்கும் முத்திரை தூணைத் தாங்காது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இந்தப் பாடத்தை வெளியூரிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் பல உயிர்கள் பலியாயின. 2024 மே 1-இல் காரியாபட்டி அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 பேர் இறந்தனர். இவற்றுக்கு உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் வேறு துறைகள்தாம். ஆனால், உரிமமின்றி வீடுகளிலும் கொட்டகைகளிலும் பட்டாசு தயாரிக்கப்படும் ஒரு மாவட்டத்தில், ஒரு கொட்டகைக்குள் ஆடு இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆட்டுக் கொட்டகையின் பக்கச் சுவருக்கும் எல்லைக்கும் இடையே எத்தனை அங்குலம் குறைகிறது என்று அளக்க மூன்று முறை செல்லும் நேரம், ஆபத்தான கொட்டகையைக் கண்டறியும் பணியிலிருந்து திருடப்பட்ட நேரம்.

பிற நாடுகள் இந்தச் சிக்கலை எளிய ஒரு வழியில் தீர்த்துள்ளன. இங்கிலாந்தில், படுத்துறங்கும் வசதி இல்லாத, 15 சதுர மீட்டருக்கு மிகாத துணைக் கட்டடத்துக்குப் பொதுவாகக் கட்டட ஒழுங்குமுறை ஒப்புதல் தேவையில்லை. 30 சதுர மீட்டர் வரை என்றால், எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், அல்லது பெரும்பாலும் எரியாத பொருள்களால் கட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவின் பல பகுதிகள் பின்பற்றும் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பு, 200 சதுர அடி வரையிலான ஒற்றைத் தளத் துணைக் கட்டடங்களுக்கு அனுமதியிலிருந்து விலக்களிக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட பத்தடிக்குப் பதினைந்தடிக் கொட்டகை இந்த இரண்டு வரம்புகளுக்குள்ளும் அடங்கிவிடும். அங்கே கேட்கப்படுவது, உள்ளே மனிதர் உறங்குவார்களா, தீ அடுத்த வீட்டுக்குத் தாவுமா என்பதுதான். விதி ஆபத்தைப் பார்க்கிறது.

நமது மண்ணுக்கேற்ற வகையில் நாமும் இதைச் செய்யலாம். முதலாவதாக, குறிப்பிட்ட பரப்புக்கு உட்பட்ட, மனிதர் குடியிருக்காத, ஒற்றைத் தளக் கொட்டகைகளுக்கு அனுமதிக்குப் பதிலாக அறிவிப்பு மட்டுமே போதும் என்று தெளிவாக வகுக்க வேண்டும். எது கட்டலாம், எது கூடாது என்பதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தின் வாசலிலும் ஒட்ட வேண்டும்.

இரண்டாவதாக, ஆய்வு தேவைப்படும் இடங்களில் நாளையும் நேரத்தையும் முன்னரே குறிக்க வேண்டும். முதல் ஆய்விலேயே எல்லாக் குறைகளையும் எழுத்தில் தர வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத குறையைப் பின்னர் எழுப்பக் கூடாது. வாய்மொழிக் குறைகள்தாம் கையூட்டின் விளைநிலம்.

மூன்றாவதாக, காலக்கெடு தவறினால் அனுமதி கிடைத்ததாகக் கருதும் உரிமை, சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லாமல் இணையதளத்திலேயே தானாகச் செயல்பட வேண்டும். 2010-இல் மத்தியப் பிரதேசம் சேவை பெறும் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, தாமதத்துக்கு அலுவலரைப் பொறுப்பாக்கியது. தமிழ்நாட்டிலும் இக்கோரிக்கை நெடுநாளாக ஒலிக்கிறது.

இந்தச் சலுகையில் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்மீது ஒரு கொட்டகை நின்றாலும், வறண்ட பூமியில் அது ஓர் ஊரின் தண்ணீரைத் தடுத்துவிடும். பொதுப்பாதை, ஓடை, நீர்நிலைப் புறம்போக்கு ஆகியவற்றில் சதுர அடிக் கணக்கெல்லாம் பார்க்காமல் தடுப்பதே நியாயம். எளிதில் தீப்பற்றும் பொருளைச் சேமிக்கும் கொட்டகை எவ்வளவு சிறிதானாலும் ஆய்வுக்கு உட்பட்டாக வேண்டும். பொய்ச் சான்று அளிப்பவர்மீது நடவடிக்கையும் உறுதியாக இருக்க வேண்டும்.

அனுமதி கேட்டு வரும் குடிமகன் அரசின்மீது நம்பிக்கை வைத்து வருகிறார். அவரை அலையவிட்டால், அடுத்த முறை அவரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பார். அப்போது நகராட்சிக்குக் கட்டணமும் கிடைக்காது, அந்தக் கொட்டகைக்குள் என்ன இருக்கிறது என்ற தகவலும் கிடைக்காது. கேட்பவருக்கு வழியை எளிதாக்குவது சலுகை அன்று. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அரசு அறிந்துகொள்வதற்கான வழியும் அதுவே.