கணக்கில் வராத பயணிகள்

அடுத்து எந்தக் கார் வாங்கப்போகிறீர்கள், பெட்ரோல் வண்டியா மின்சார வண்டியா, விடுமுறைக்கு எங்கே செல்வீர்கள் என்ற கேள்விகள் இணையவழி ஆய்வுகளாகக் கைபேசிக்கு வருகின்றன. வாகன முதலாளிகள் தங்கள் சந்தையைத் தேடிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் வாங்கும் சக்தி உள்ளவரின் விருப்பமே மக்களின் பயணத் தேவை என்று முன்வைக்கப்படுவதை ஏற்க இயலாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நீடித்தது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. வேலையையும் சந்தையையும் உறவையும் பிரிக்கவில்லை. கட்டடத் தொழிலாளியும், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியும், களியக்காவிளைச் சந்தைக்குச் செல்லும் பெண்ணும் பேருந்தை நம்பியே வாழ்கின்றனர். கார் வாங்கும் ஆய்வில் இவர்களுக்கு இடம் ஏது?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் கார் உள்ள குடும்பங்கள் சுமார் 8 சதவீதம். கேரளத்தில் இது 24 சதவீதம். அங்கும் நான்கில் மூன்று குடும்பங்களுக்குக் கார் இல்லை. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33 சதவீதமே. அப்படியானால் இணையவழி ஆய்வில் ஒலிப்பது யாருடைய குரல்?

வரலாற்றிலும் இதற்குப் பாடம் உண்டு. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், தொலைபேசி, கார் உரிமையாளர் பட்டியல்களைக் கொண்டு பெருமளவில் கருத்துக் கணிப்பு நடத்தியது. இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்தனர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். எண்ணிக்கை பெரிதாக இருந்தும், பொருளாதார நெருக்கடியில் வாடிய ஏழைகள் அந்தக் கணக்கில் போதிய அளவு இடம்பெறவில்லை.

ஒன்றிய அரசின் அணுகுமுறையும் சந்தையைச் சார்ந்ததே. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளைத் தனியார் நிறுவனங்களுக்கு அளித்ததில் 65 கோடி ரூபாய் கிடைத்ததாக 2019இல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். அந்தரங்க உரிமை குறித்து எதிர்ப்பு எழவே, 2020இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பணியிடப் பயண அட்டவணையில் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், வீட்டுத் தொழில் புரிவோர் இடம்பெறவில்லை. பாலராமபுரத்தில் வீட்டிலேயே தறி நெய்பவரின் பயணம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் 2027க்குத் தள்ளப்பட்டுவிட்டது.

மாற்று வழி சாத்தியமே. கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, உள்ளாட்சிகள் வழியாக 64,006 அதிதீவிர வறுமைக் குடும்பங்களை வீடு வீடாகக் கண்டறிந்தது. அதே முறையில், எல்லையின் இருபுறத்து ஊராட்சிகளும் மக்களின் பயணத் தேவையைத் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டறிய வேண்டும். எந்நேரம் புறப்படுகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், கூலியில் எவ்வளவு கட்டணத்துக்குப் போகிறது என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் அதன்படி பேருந்துகளை இயக்க வேண்டும். வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அனைத்துத் தொழிலாளர்களின் பயணத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தோழர்கள் மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கான முதல் ஆய்வு, விடியற்காலைப் பேருந்து நிறுத்தத்தில் காத்து நிற்பவரிடம் பேசுவதிலிருந்து தொடங்கட்டும்.