சன்ஷேடின் மேல் வேண்டாம்

இரண்டாம் தளப் பொது வார்டின் வெக்கை குறித்து நோயாளிகளும் உடனிருந்து பார்ப்போரும் எழுதிய கடிதங்களை நலக் குழுவினராகிய நாங்கள் வாசித்தோம். குளிர்சாதனக் கருவிகள் வந்திறங்கிய பின்னும் பொருத்தப்படாதது ஏன் என்ற கேள்வி நியாயமானதே. அவற்றின் வெளிப்பெட்டிகளை எங்கே வைப்பது என்பதில்தான் தாமதம். கைக்கெட்டும் இடம் ஒன்று உண்டு: ஆண், பெண் வார்டுகளைப் பிரிக்கும் சுவர் கட்டடத்தின் வெளிப்புறத்தைத் தொடும் இடத்துச் சன்ஷேடு. அங்கே வைக்கலாகாது என்பதே எங்கள் கருத்து.

அச்சுவர் வெறும் மறைப்பன்று. நெருப்பை இரண்டு மணி நேரம் தாங்குமாறு கட்டப்பட்டது. வேறு கட்டடங்களில் தீப்பிடித்தால் மக்கள் படியிறங்கி வெளியேறுவர். இங்கே அறுவை சிகிச்சை முடிந்து கிடப்பவரும் ஆக்சிஜன் குழாயுடன் இருப்பவரும் படியிறங்க இயலாது. அவர்களைக் கட்டிலோடு சுவரின் மறுபுறத்துக்குத் தள்ளிச் செல்வதே முதல் வழி. மறுபுறம் புகையின்றி இருந்தால்தான் அவ்வழி பயன்படும்.

வெளிப்பெட்டிக்குள் மின்கம்பியும் எண்ணெயும் உண்டு. இக்காலத்தில் பரவலாகப் பயன்படும் ஆர்-32 வாயு ஓரளவு எரியக்கூடியது. ஆர்-290 என்பதோ நம் சமையல் எரிவாயுவில் கலந்துள்ள புரொப்பேனேதான். பெட்டி தீப்பற்றினால் நெருப்பு சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்தே இருபுறச் சன்னல்கள் வழியாகவும் நுழைந்துவிடும். போதாக்குறைக்கு, செம்புக் குழாய்க்காக இடும் துளையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்காமல் விடுவதும் நடக்கிறது.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பற்றிய தீ ஏறத்தாழ 90 உயிர்களைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகள். நெருப்பு தீண்டாத மேல்தளங்களில் புகையால் மூச்சுத் திணறி இறந்தோரே மிகுதி.

மொட்டைமாடியில், பிரிசுவரின் கோட்டை விட்டு விலக்கிப் பெட்டிகளை வைக்குமாறு நிர்வாகத்தைக் கேட்டுள்ளோம். குழாய் நீளும், செலவு கூடும், வேலைக்குச் சில வாரங்கள் ஆகும். கோடையில் அவ்வாரங்கள் எத்துணை நீளமானவை என்பதை அறிவோம். அதுவரை கூடுதல் மின்விசிறிகள் கேட்டிருக்கிறோம். முதல் தளத்தில் முன்பே இதே மூலையில் வைக்கப்பட்ட இரு பெட்டிகளையும் அகற்ற வேண்டும். அவை வைக்கப்பட்டபோது நாங்களும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. அச்சுவரிலுள்ள கதவு தானே மூடிக்கொள்ளும்படி அமைந்தது. காற்றுக்காக அதை முக்காலி வைத்துத் திறந்து நிறுத்துகிறீர்கள். எங்கள் ஊழியரும் அதையே செய்கின்றனர். இன்றே அந்த முக்காலியை எடுத்துவிடுங்கள்.