ஏட்டுக்கு ஏடே மறுமொழி!

ஏடு எழுதினான், ஆகவே கத்தி எடுத்தேன் என்கிறான் மதவெறியன். கத்தி எடுப்பான், ஆகவே ஏட்டைத் தடுக்கிறேன் என்கிறது அரசு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறோம் நாம்!

லாகூரில் 1924இல் ‘ரங்கீலா ரசூல்’ எனும் சிற்றேடு வெளிவந்தது. நபிகளின் இல்லறத்தை எள்ளி நகையாடிய ஏடு. எழுதியவர் பெயரில்லை, வெளியிட்டவர் ராஜ்பால். சீதையைப் பழித்த ஏட்டுக்கு இது பதிலாம்! மறைந்த மதத் தலைவரின் வாழ்வை விமரிசிப்பது, அன்றைய சட்டப்படி குற்றமாகாது என 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு மூண்டது. அவ்வாண்டே 295-ஏ பிரிவு பிறந்தது. 1929 ஏப்ரல் 6இல் ராஜ்பால் தம் கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். குத்திய இளைஞன் இல்முதீன், அக்டோபர் 31இல் தூக்கிலேறினான். இரண்டு பிணங்கள், ஒரு சட்டம். எந்த ஐயம் தெளிந்தது? எந்த அடிமை விலங்கு ஒடிந்தது?

அந்த ஏட்டை நாம் போற்றவில்லை. தன் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, அண்டை வீட்டுச் சுவரில் கரி பூசுபவன் சீர்திருத்தக்காரன் அல்லன். மீலாது மேடைகளில் இசுலாத்தின் சமத்துவத்தைப் பாராட்டிய பெரியார், எந்த மதமும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்றும் சொன்னார். அது பகுத்தறிவு, இது பகை.

ஆயினும், இழிந்த ஏட்டுக்கென வார்த்த விலங்கு உயர்ந்த ஏட்டையும் பூட்டும்! பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி ‘சச்சி இராமாயண்’ என இந்தியில் வந்தபோது, 1969இல் உத்தரப்பிரதேச அரசு அதே 295-ஏயைக் காட்டிப் பறிமுதல் செய்தது. வெளியிட்ட லலாய் சிங் அஞ்சவில்லை. 1971இல் அலகாபாத்தில் வென்றார். 1976இல் உச்சநீதிமன்றத்திலும் வென்றார். தீர்ப்பைக் கேட்கப் பெரியார் இல்லை, 1973இலேயே மறைந்துவிட்டார்.

ருசுதியின் ‘சாத்தானின் கவிதைகள்’ 1988இல் இந்நாட்டினுள் வராமல் தடுக்கப்பட்டது. தடுத்ததால் வெறி தணிந்ததா? 2022இல் அமெரிக்க மேடையில் அவர்மேல் கத்தி பாய்ந்தது. அந்த ஆணையைக் காட்டுக என்றபோது, 2024இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் எவராலும் காட்ட இயலவில்லை. தாள் தொலைந்தது, தடை மட்டும் வாழ்ந்தது!

தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் பள்ளிப்பட்டைப் பாருங்கள். எல்லை வழக்கில் கொதித்த மண் அது. படாஸ்கர் பரிந்துரையும் சட்டமும் வந்தன; 1960 ஏப்ரல் 1இல் தமிழகத்தோடு இணைந்தது. மண்ணுக்கான வழக்கே வாதத்தால் தீருமெனில், மனத்துக்கான வழக்குக்குக் கத்தி எதற்கு? பூட்டு எதற்கு?

பொய்யெழுதினால் மெய்யெழுதுங்கள். இழித்தால் மறுத்தெழுதுங்கள். ஏட்டுக்கு ஏடே மறுமொழி!