பெரிதாகத் தெரிவதும் தெளிவாகத் தெரிவதும்

முப்பரிமாண ஸ்லைடுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பார்வைக்கருவியின் லென்ஸ் எத்தனை மடங்கு பெருக்குகிறதோ அத்தனை மடங்கு அது சிறந்த கருவி என்பதே அது. காட்சி கண்ணை நிறைத்தால் போதும், அதற்குள்ளேயே போய்விட்ட உணர்வு வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூர்மையைக் கைவிட்டுப் பெருக்கத்தைத் தேடுவது, எழுத்து கலைந்த சுவடியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் படிக்க முயல்வதைப் போன்றது.

வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மனம் அவற்றை ஆழமுள்ள ஒரே காட்சியாக இணைத்துக்கொள்ளும் என்பதை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் கண்ணாடிகளைக் கொண்டு விளக்கினார். 1849இல் டேவிட் புரூஸ்டர் கண்ணாடிகளுக்குப் பதில் லென்ஸ்களைக் கையாண்டார். ஒரு லென்ஸை இரண்டாக வெட்டி, கண்ணுக்கு ஒரு பாதியாகப் பொருத்துவது அவர் முறை. கருவி கையடக்கமானது. ஆனால் லென்ஸின் மையத்தை விட்டு விலகிப் பார்க்க நேர்ந்ததால் விளிம்புகளில் வண்ணக் கீற்றுகளும் மங்கலும் உடன்பிறந்தவையாயின. பெருக்கத்துக்கும் கூர்மைக்கும் இடையிலான வழக்கு அன்றே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

காகிதப் படங்களின் காலம் கடந்து ஃபிலிம் வந்தபோது வழக்கு கடுமையாயிற்று. 1939இல் அறிமுகமான வியூ மாஸ்டரின் வட்டில் ஏழு காட்சிகளுக்குப் பதினான்கு சிறு படங்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 1947இல் மில்வாக்கி நகரத்து டேவிட் ஒயிட் நிறுவனம் ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஏறத்தாழ 23க்கு 24 மி.மீ. அளவுள்ள இரட்டைப் படங்களை அது எடுத்தது. அஞ்சல்தலை அளவுள்ள படத்தில் ஓர் ஊரையே காட்ட வேண்டுமென்றால் லென்ஸின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 250ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் லென்ஸின் பெருக்கம் கிடைக்கும். ரியலிஸ்ட் கேமராவின் லென்ஸ் 35 மி.மீ.; பார்வைக்கருவியிலும் அதே குவியத்தூரமுள்ள லென்ஸ் இருந்தால் பெருக்கம் ஏழு மடங்கு. அப்போது படம் எடுத்தவர் கண்ட அதே கோணத்தில் காட்சி நமக்கும் விரிகிறது. ஆழமும் உள்ளபடி தோன்றுகிறது. குவியத்தூரம் இதைவிட நீண்டால் காட்சி சிறுத்து, ஆழம் நீட்டிக்கப்பட்டதுபோல் தெரியும். குறைந்தால் காட்சி பெருத்து, ஆழம் தட்டையாகும். ஆக, பெருக்கத்துக்கு இயல்பான ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிப் பெருக்குகிறவர், எந்த ஆழத்துக்காக இந்தக் கருவியைக் கையில் எடுத்தாரோ அதையே இழக்கிறார்.

ஃபிலிமும் ஓர் எல்லையை வகுக்கிறது. நல்ல பார்வையுள்ள கண், 25 செ.மீ. தொலைவில், ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ ஏழு கோட்டிணைகளைப் பிரித்தறியும். ஏழு மடங்கு பெருக்கினால் ஃபிலிமில் ஐம்பது இணைகள் வரை கண்ணுக்கு எட்டும். கேமராவைக் கையில் பிடித்து எடுத்த பெரும்பாலான படங்களில் அதற்குமேல் நுணுக்கம் இருப்பது அரிது. பத்து மடங்குக்குப் போனால் மணித்துகளும் தூசியும் கீறலும்தான் பெருகும்.

கூர்மை பெருக்கத்தைப் போல ஒரே எண்ணில் அடங்குவதில்லை. ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. கிரௌன், பிளிண்ட் எனும் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து இக்குறையைப் பெருமளவு நீக்கும் வழி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரியும். ஜான் டாலண்ட் 1758இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இருந்தும் மலிவான பார்வைக்கருவிகளில் ஒற்றை லென்ஸே இன்றும் குடியிருக்கிறது. இரு லென்ஸ்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது வேறொரு தொல்லை: ஒரு கண் பார்ப்பது சற்றே பெரிது, மறு கண் பார்ப்பது சற்றே சிறிது. மனம் இரண்டையும் இணைக்கப் போராடும். சிறிது நேரத்தில் தலைவலி வரும். பலர் முப்பரிமாணக் காட்சியையே வெறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பொழுதுபோக்கினரின் வீண் வாதமல்லவா என்று கேட்கலாம். அல்ல. ஸ்லைடு என்பது நேர்ப்படம். கேமராவுக்குள் ஒளிபட்ட அதே துண்டுதான் அது. அதற்கு நெகட்டிவ் கிடையாது. 1935இல் வந்த கோடாக்ரோம் ஃபிலிமின் உற்பத்தி 2009இல் நின்றது. அதைக் கழுவித் தந்த கடைசி வணிக ஆய்வகமும் 2010ஆம் ஆண்டின் இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. இருட்டில் வைத்தால் நெடுங்காலம் நிறம் காக்கும் அந்தப் படங்கள், அமெரிக்க வீடுகளின் பரண்களில் எடுத்தவர்களுக்குப் பின்னும் கிடக்கின்றன. வாரிசு ஒருவர் மங்கிய லென்ஸுள்ள கருவியில் இட்டுப் பார்த்து, "படமே மங்கல்" என்று குப்பையில் எறிந்துவிட்டால் அந்தக் காட்சி உலகில் வேறெங்கும் இல்லை. லென்ஸின் குற்றத்துக்குப் படம் தண்டனை பெறுகிறது.

எனவே தீர்ப்புக்கு முன் ஓர் எளிய சோதனை தேவை. ஸ்லைடின் மேல் படிந்த தூசித் துரும்பைப் பாருங்கள். அது நடுவிலும் ஓரத்திலும் கூர்மையாகத் தெரிந்து, படம் மட்டும் மங்கலாக இருந்தால் குறை எடுத்தவருடையது. துரும்பே மங்கலாகத் தெரிந்தால் லென்ஸை மாற்றுங்கள், படத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கும்போதும் முதலில் கேட்க வேண்டியது இணைக்கண்ணாடி லென்ஸா என்பது; எத்தனை மடங்கு என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆறு மடங்கில் ஓரம்வரை தெளிவாகக் காட்டும் கருவியையே, பத்து மடங்கில் நடுவை மட்டும் காட்டும் கருவியைவிட நான் தேர்ந்துகொள்வேன். அந்தக் காட்சியில் ஓரத்தில் நின்றவர்களும் யாரோ ஒருவருக்கு உறவினர்தானே.